மெய்யழகன்ல வெட்டுன 18 நிமிஷம் சரியா தப்பா? (கூடவே சமீபத்துல பாத்த படங்க)

12 ஜூலை 2025 (கேள்வி)
மெய்யழகன் இப்பதான் ஓடிடில பாத்தேன், நல்லாதான் இருந்துச்சு. தியேட்டர்ல வந்த சில நாள்லயே 18 நிமிஷம் வெட்டிட்டாங்கன்னு இன்னும் பல பேர் பொலம்பறீங்களே, நீளமா இருந்தா வெட்டத்தானே செய்வாங்க? அப்படி என்னத்த இழந்துட்டோம்? முழுசா பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

12 ஜூலை, ராத்திரி
நான் பாத்தேன். போன வருஷம் செப்டம்பர் 27, ரிலீஸ் அன்னிக்கே. கிட்டத்தட்ட மூணு மணி நேரம். வெட்டுனது தப்பு, அவ்ளோதான்.

நான் மன்னார்குடி, கட்டிக்கிட்டு வந்தது திருப்பூருக்கு. நீடாமங்கலம்னு திரையில பேர் வந்ததும் எனக்கு பாதி படம் முடிஞ்சுருச்சு. எங்களுக்கெல்லாம் நீடாமங்கலம்னா ரயில்வே கேட்டுதான். கேட்டு போட்டுட்டான்னா பஸ்ஸ விட்டு இறங்கி கடலை வாங்கி தின்னு முடிச்சு, பக்கத்து சீட்டு அம்மாவோட சம்பந்தி சண்டை வரைக்கும் கேட்டு முடிச்சாலும் கேட்டு தெறக்காது. அந்த ஊரப் பத்தின படம் அவசரமா ஓடணும்னு எதிர்பாக்கறவங்கள என்ன சொல்ல.

13 ஜூலை
நேத்து தூக்க கலக்கத்துல பாதில விட்டுட்டேன். வெட்டுனதுல என்ன போச்சுன்னு தானே கேட்டீங்க. எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் பெரும்பாலும் ராத்திரி பேச்சுதான் போச்சு. கதைய ஒரு அடி கூட நகத்தாத பேச்சு, நியாயமா சொன்னா. ஆனா அந்த அருள் (அரவிந்த்சாமி) யாருன்னு பாருங்க. 1996ல சொத்து தகராறுல வீட்ட விட்டு கெளம்பி சென்னைக்கு போனவர், 22 வருஷம் கழிச்சு தங்கச்சி முறை பொண்ணு கல்யாணத்துக்கு வர்றார், வந்ததும் மொய்ய வச்சுட்டு அடுத்த பஸ்ஸ புடிச்சு ஓடிரணும்னு வாட்ச்ச பாத்துட்டே இருக்கார். அந்த ஆளு பஸ்ஸ விட்டுட்டு, பேரே ஞாபகம் வராத ஒருத்தன் வீட்டு மாடில உக்காந்து விடிய விடிய கேட்டுட்டு இருக்கணும்னா எவ்ளோ பேச்சு வேணும்? பத்து நிமிஷம் பேசி மனசு மாறுனா அது விளம்பரம்.

இன்னொண்ணு. இதே பிரேம்குமார்தான 2018ல 96 எடுத்தார். அதுலயும் ஒரு ராத்திரி முழுக்க ரெண்டு பேரு பேசிட்டேதான் இருக்காங்க, ஊரே உருகுச்சு. ஒரு ஆணும் பொண்ணும் விடிய விடிய பேசுனா காவியம், மாமன் மச்சான் முறைல ரெண்டு ஆம்பளைங்க பேசுனா லேக்கா (இழுவையா)? இதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க முதல்ல.

13 ஜூலை, சாயந்திரம்
"பேச்ச விட மேடை சீன்தான் படம்"னு ஒருத்தர் போட்டிருக்கார். ஒத்துக்கறேன். கல்யாண மேடையில அண்ணன் கொண்டாந்த டப்பாவ அந்த பொண்ணு அங்கயே பிரிச்சு, உள்ள இருக்கற நகைய எடுத்து எடுத்து போட்டுக்கும் பாருங்க. பின்னாடி போட்டோக்காரர், வரிசைல நிக்கற சனம், யாரையும் கண்டுக்காம. எங்க பக்கம் கல்யாணத்துல கவர வாங்குன கையோட பின்னாடி நிக்கற சித்திகிட்ட தள்ளிருவோம், அதுதான் வழக்கம், அதனாலயே அந்த சீன் அப்படி இடிச்சுது. வசனம் பெருசா ஒண்ணும் கெடையாது. சரி, இது என் கட்சிக்கே எதிரா போகுது, விடுங்க.

15 ஜூலை
ஒரே நாள் வந்த ரெண்டு படத்தையும் போன வாரம் பாத்தாச்சு. ஜூலை 4, 3பிஹெச்கேவும் பறந்து போவும். யாரு பிளான் பண்ணாங்களோ தெரியல, ஒண்ணு வீடு வாங்கு வாங்குன்னு கழுத்த புடிக்குது, இன்னொண்ணு இஎம்ஐய விட்டு ஓடு ஓடுன்னு தொரத்துது.

3பிஹெச்கே நல்ல படம்தான், ஆனா ஒரு கட்டத்துக்கு மேல எனக்கு மூச்சு முட்டுச்சு. காசு சேருது, செலவு வருது, காசு சேருது, செலவு வருது. அவங்க பத்து ரூவா சேக்கறதுக்குள்ள வீட்டு வெல இருவது ரூவா ஏறிருது. நிஜம்தான், நிஜத்த பாக்க நான் ஏன் டிக்கெட் எடுக்கணும், எங்க வீட்டு பாஸ்புக்கே போதும். சரத்குமார் தேவயானி ஜோடிய பாத்ததும் அத்தைக்கு (என் மாமியார்) ஒரே குஷி. "ஏங்கண்ணு, சூர்யவம்சத்துல ஒரே பாட்டுல பஸ்சு கம்பெனி வச்சவருதான இவரு, இதுல ஒரு பிளாட்டு வாங்க இத்தன நேரமா?"ன்னு கேட்டாங்க பாருங்க, முன்னாடி சீட்டுல இருந்தவர் திரும்பி பாத்து சிரிச்சார். அதுக்கப்புறம் படம் எத்தன உருக்குனாலும் எனக்கு அந்த பாட்டு சீன்தான் ஞாபகம் வந்துச்சு.

சித்தார்த் ஸ்கூல் பையனா வர்ற போர்ஷன்லாம் கூட நம்ப முடிஞ்சுது, அந்த தங்கச்சி கேரக்டருக்குத்தான் இன்னும் கொஞ்சம் எடம் குடுத்திருக்கலாம். பையன் இஞ்சினியரிங் படிக்க அவ்ளோ செலவு பண்ற வீட்டுல அவளுக்கு என்ன செஞ்சாங்கன்ற கணக்கு தொட்டும் தொடாம போகுது.

15 ஜூலை, மறுபடி
பறந்து போ பத்தி எழுத மறந்து அனுப்பிட்டேன். ராம் படம்னதும் டவல் எடுத்துட்டு போனேன், அழுகைக்கு. சிரிச்சு முடியல. சிவா பாட்டுக்கு அவரு ஸ்டைல்ல பேசிட்டே இருக்கார், அந்த பொடிப்பய அப்பாவ பாடா படுத்தறான், நடுவுல குட்டி குட்டியா பாட்டு வந்துட்டே இருக்கு (பாட்டு சந்தோஷ் தயாநிதி, பின்னணி இசை யுவன்). சில பாட்டு தேவையில்ல. ஆனா அந்த பையன் உசரமா எங்கயாச்சும் ஏறிட்டு எறங்க மாட்டேங்கறது இருக்கே, என் பையன் அத பாத்துட்டு வந்ததுலேருந்து எங்க வீட்டு லாஃப்ட்டுல ஏறி உக்காந்துக்கறான். ராம் சார், நல்லா இருங்க.

17 ஜூலை
"அக்கா நீங்க பீல் குட் படம் மட்டும்தான் பாப்பீங்களா, கொட்டுக்காளி பாத்தீங்களா"ன்னு ஒரு தம்பி கேட்டுருக்கு. பாத்தேன் தம்பி. செல்போன்ல, ஹெட்போன் போட்டுட்டு, எல்லாரும் தூங்குனப்புறம்.

முதல் அரை மணி நேரம் ஹெட்போன் ரிப்பேர்னு நெனச்சேன். பின்னணி இசையே கெடையாது அந்த படத்துல. சேவல் கொக்கரிக்கற சத்தம், பைக் சத்தம், ஆட்டோ சத்தம், நடக்கற சத்தம். சூரி தொண்ட கட்டிப்போய் கரகரன்னு பேசறார், அன்னா பென் வாயவே தெறக்கல. பேய் புடிச்சுருக்குன்னு அந்த பொண்ண சாமியாடிகிட்ட கூட்டிட்டு போறாங்க, அவ்ளோதான் கதை. வழியில எங்கயோ கேக்கற ஒரு சினிமா பாட்ட அது லேசா முணுமுணுக்குது, அதுக்கு விழுது பாருங்க அடி, தடுக்க வந்த பொம்பளைங்களுக்கும் சேத்து. நான் கைல இருந்த போன கீழ வச்சுட்டேன்.

திரும்ப பாப்பேனான்னா மாட்டேன். நல்ல படமான்னா ஆமா. இது ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்ல.

17 ஜூலை, ராத்திரி 11.40
ஆட்டோவ திருப்ப முடியாம, அந்த பொண்ணு உள்ள உக்காந்திருக்க உக்காந்திருக்கவே ஆம்பளைங்க நாலா பக்கமும் புடிச்சு வண்டிய தூக்கி திருப்பி வைப்பாங்க. அவ அசைய மாட்டா. அவள கேக்கவும் மாட்டாங்க. பாக்கும்போது சிரிப்பு வந்துச்சு, எனக்கே. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு பேசறதெல்லாம் மத்தவங்களே பேசி முடிச்சாங்க, நான் காபி டம்ளர வச்சுட்டு நின்னது இப்ப ஞாபகம் வருது. என் கதை நல்லா போச்சு, அது வேற. தூக்கம் வரல அதான் எழுதறேன்.

18 ஜூலை
கொட்டுக்காளியும் வாழையும் ஒரே நாள் (23 ஆகஸ்ட் 2024) வந்ததால கொட்டுக்காளி அடிபட்டு போச்சுன்னு ஒருத்தர். இருக்கலாம். வாழை பத்தி எனக்கு கலவையான அபிப்ராயம். முதல் பாதில அந்த ரெண்டு பசங்க, ஒருத்தன் ரஜினி ஒருத்தன் கமல்னு அடிச்சுக்கறது, டீச்சர் கர்ச்சீப், இதெல்லாம் மாரி செல்வராஜ் இனிமே இத மட்டுமே எடுக்கலாம்னு தோணற அளவுக்கு இருந்துச்சு. சனி ஞாயிறு காய் சுமக்க போகணுமேன்னு அந்த பையன் மூஞ்சி சுருங்கறது இருக்கே. எங்க தாத்தா வீட்டுல வாழக்கொல்லைல தார் வெட்டும்போது நான் நிழல்ல நின்னு வேடிக்க பாத்தவ. தாரு தலைல ஏறுனா கழுத்து எப்படி அமுங்கும்னு அதுவரைக்கும் யோசிச்சதே இல்ல.

கடைசில விபத்துக்கு அப்புறம் ஒப்பாரியும் இசையுமா போட்டு அமுக்குறது எனக்கு அதிகமா பட்டுச்சு. அவரு சொந்த வாழ்க்கைல நடந்தத வச்சு எடுத்தது, அதுல "கொறச்சிருக்கலாம்"னு சொல்ல நமக்கு என்ன யோக்கியதைன்னும் தோணுது. அந்த பய பசில வந்து சோத்த போட்டு திங்கற எடத்துல ஒரு சத்தமும் வேண்டியதில்ல, அது மட்டும் சொல்லிக்கறேன்.

20 ஜூலை
ஞாயித்துக்கிழம. வீட்டுக்காரர் காலைல ஆறு மணிக்கே கிரிக்கெட் பேட்ட தூக்கிட்டு கெளம்பிட்டார். அதனால லப்பர் பந்து.

ரெண்டு வருஷத்துல வந்த கமர்சியல் படத்துல இதுக்கு மேல ஒண்ணு இல்ல, இது என் தீர்ப்பு, மேல்முறையீடு கெடையாது. ஊரு கிரவுண்டு, ரப்பர் பந்து, நாப்பது வயசுல இன்னும் "கெத்து"ன்னு பேர் எழுதிட்டு சுத்தற மாமனார், அவர எப்படி அவுட்டாக்கறதுன்னு மட்டுமே யோசிக்கற மாப்ள. சாதிய பத்தி லெக்சரே இல்லாம, டீமுக்குள்ள எவன சேப்பான் எவன சேக்க மாட்டான்ற ஒரே விஷயத்துல முழுசா சொல்லிட்டாங்க. நல்லா ஆடறவன வெளில நிக்க வைக்கறதுக்கு சொல்ற காரணம் எல்லாம் எங்க வீட்டுக்காரர் டீம்லயே கேட்ட காரணம்தான். அவர்கிட்ட சொன்னேன், "அதெல்லாம் அந்த காலம்"னார். எந்த காலம்னு கேட்டேன். குளிக்க போயிட்டார்.

"நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" பாட்டுக்கு தியேட்டர்ல எழுந்த சத்தம் இருக்கே. விஜயகாந்த் போயி ஒரு வருஷம் கூட ஆகல அப்போ. எங்க வரிசைல ஒரு தாத்தா துண்ட எடுத்து சுத்துனார்.

20 ஜூலை, மத்தியானம்
"யசோதா கேரக்டர் பத்தி சொல்லலியே"ன்னு கேட்ட சகோதரிக்கு. டிராக்டர்ல வந்து எறங்குற ஸ்வாசிகாவுக்கு தனி விசில் அடிச்சவ நான். ஆனா அவங்களுக்கு கல்யாண வயசுல பொண்ணு இருக்கற வேஷம். ஹரிஷ் கல்யாணுக்கு ஜோடியா நடிக்க வேண்டிய வயசு அவங்களுக்கு, மாமியாரா போட்டு வச்சுருக்காங்க. நல்லா நடிச்சாங்க, அதனால யாரும் கேக்கல.

21 ஜூலை
மகாராஜா சண்டை. என் தம்பிக்கு அதுதான் உலகத்துலயே சிறந்த படம், சைனாவுலயே ரிலீஸ் ஆச்சு அக்கான்னு குதிக்கறான். ஆச்சு, போன நவம்பர்ல. அதுக்கு?

நிதிலன் கதைய முன்ன பின்ன மாத்தி அடுக்குன விதம் கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கறேன். குப்பத்தொட்டி காணோம்னு விஜய் சேதுபதி ஸ்டேஷன்ல போய் நிக்கற சீன்ல எல்லாம் நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன், லஷ்மின்னா அந்த தொட்டின்னு தெரிஞ்சதும் இன்னும் அதிகமா. அந்த தொட்டிதான் பொண்ணு உசுர காப்பாத்துச்சுன்றது வரைக்கும் அருமை. பிரச்சன அதுக்கப்புறம். (பாக்காதவங்க இத தாண்டி போயிருங்க.) அந்த சின்ன பொண்ணுக்கு நடந்த கொடுமைய நம்மகிட்ட மறைச்சு மறைச்சு வச்சு, கடைசில டப்புன்னு தெறந்து காட்டி கைதட்டு வாங்கறாங்க. நாம அதுவரைக்கும் சிரிச்சதெல்லாம் அது மேல நின்னுதான் சிரிச்சிருக்கோம். காமெடியனா பாத்து பழகுன மூஞ்சிய அங்க போட்டது பயங்கரமான ஐடியா, ராத்திரி தூக்கம் வரல. ஆனா அந்த பொண்ணு யாரு, என்ன ஆச, எப்படி எழுந்து வந்தா, இதுக்கெல்லாம் நேரம் இல்ல. அப்பாவோட பழிவாங்கலுக்கு அவ ஒரு காரணம், முடிஞ்சுது.

தம்பி பதில்: "எடிட்டிங் பத்தி பேசு அக்கா, எமோஷன விடு." இவன நான்தான் தூக்கி வளத்தேன்.

22 ஜூலை
சித்தாவ (2023) வச்சு பாருங்கன்னு ஒருத்தர் நல்ல பாயிண்ட் குடுத்தார். ஆமா, அதுலயும் அதே மாதிரி விஷயம்தான். அங்க கடைசில பழிவாங்கறத விட அந்த கொழந்தைய எப்படி தேத்தறதுன்றது பெருசு. அதனாலதான் அந்த படத்த என்னால மன்னிக்க முடிஞ்சுது, இத முடியல.

23 ஜூலை
கொஞ்சம் லேசா போவோம். குடும்பஸ்தன். எங்க அத்தை திரும்ப திரும்ப பாக்கற ஒரே படம். கோயமுத்தூர் பேச்சுதான் காரணம். நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல "ஏனுங்"னு இழுக்கறது கிண்டலா மரியாதையான்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தேன். சினிமாவுல கொங்கு பேச்சுன்னா ரொம்ப நாளா ஒரே மாதிரி இழுத்து காமெடி பண்ணுவாங்க, இதுல கடன் கேக்கறதும் அந்த பேச்சுலதான், திட்டறதும் அந்த பேச்சுலதான், அழறதும் அதுலதான்.

குரு சோமசுந்தரம் மச்சான் வேஷத்துல வந்து பேசுற ஒவ்வொரு வார்த்தையும் ஊசி. அப்படி ஒரு சொந்தக்காரர் எல்லா வீட்டுலயும் உண்டு, எங்க வீட்டுல யாருன்னு சொன்னா பொங்கலுக்கு போக முடியாது. மணிகண்டன் வேல போனத வீட்டுல மறச்சுட்டு கடன் மேல கடன் வாங்கறப்ப எல்லாரும் சிரிக்கறாங்க, எங்க வீட்டுக்காரர் மட்டும் கம்முனு ரிமோட்ட உருட்டிட்டு இருந்தார். பனியன் ஆர்டர் கொறஞ்ச சமயத்துல எங்க வீட்டுலயும் நடந்ததுதான். அவரு அப்ப சொல்லல, நான் அப்ப கேக்கல. படம் முடிஞ்சதும் "காமெடி நல்லாருக்கு"ன்னார்.

24 ஜூலை
டூரிஸ்ட் ஃபேமிலி பத்தி ரெண்டு நாளா கேட்டுட்டே இருக்கீங்க. புடிச்சுது. இருவத்தஞ்சு வயசு கூட ஆகாத பையன் (அபிஷன் ஜீவிந்த்) முதல் படமே இப்படி எடுத்தது பெரிய விஷயம். இலங்கைலேருந்து போட்ல வந்து எறங்குற குடும்பம், புடிச்ச போலீஸே மனசு இளகி விட்டுர்றார், சென்னைல ஒரு காலனில வாய தொறந்து பேசுனா மாட்டிக்குவோம்னு பயந்துட்டே வாழறாங்க. சசிகுமார் சிரிச்ச மூஞ்சியா வந்து எல்லாரையும் மாத்திர்றார். அதுதான் என் கொற. காலனில ஒருத்தர் கூட கெட்டவர் இல்ல. எங்க தெருவுல அட்வான்ஸ் திருப்பி தர்றதுக்கே ஆறு மாசம் இழுக்கறாங்க.

மேல யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் "சசிகுமார் பேசறது எங்கட பேச்சு மாதிரி இல்ல, இடைக்கிட மதுரை வருது"ன்னு எழுதியிருக்கார். அத நீங்கதான் சொல்ல முடியும். எனக்கு மன்னார்குடி பேச்சு படத்துல வந்தா முதல் வார்த்தைலயே ஒப்புதா ஒப்பலையான்னு தெரிஞ்சுரும், உங்களுக்கும் அப்படித்தான இருக்கும். அந்த சின்ன பையன் கமலேஷ் மட்டும் பேச்சு எப்படியா இருந்தாலும் பரவால்ல, அவன எங்க வீட்டுக்கு அனுப்பிருங்க.

27 ஜூலை
மறுபடி ஒரே நாள் ரெண்டு படம், 25ந் தேதி. அத்தைக்கு வடிவேலு, அதனால நேத்து மாரீசன். பகத் பாசில் திருடன், வடிவேலு ஞாபக மறதி பெரியவர், ரெண்டு பேரும் பைக்ல போறாங்க. முதல் பாதி அவ்ளோ சொகமா இருந்துச்சு, வடிவேலு மெதுவா, கத்தாம, கண்ணாலயே பண்றார். இப்படியே வீடு போய் சேந்தா போதும்னு உக்காந்திருந்தேன்.

எடவேளைக்கு அப்புறம் பாத்தா (பாக்காதவங்க தாண்டுங்க) திரும்பவும் அதேதான். கொழந்தைங்களுக்கு நடந்த கொடும, பழிவாங்கல், பிளாஷ்பேக். ஏங்க, ரெண்டு நல்ல நடிகர்கள் ரோட்டுல பேசிட்டே போனா ஒரு படத்துக்கு பத்தாதா? யாராச்சும் லேக்னு சொல்லிருவாங்கன்ற பயத்துலதான இத கொண்டாந்து சொருகறாங்க. மெய்யழகன்ல வெட்டுனவங்களுக்கும் இதுல சேத்தவங்களுக்கும் ஒரே பயம். அங்க 18 நிமிஷம் போச்சு, இங்க ஒரு பாதியே போச்சு.

அத்தைகிட்ட கேட்டேன் எப்படி இருந்துச்சுன்னு. "வடிவேலு எளச்சுட்டான் கண்ணு"ன்னாங்க.

3 ஆகஸ்ட்
25ந் தேதி வந்த இன்னொரு படம், தலைவன் தலைவி. விஜய் சேதுபதி பரோட்டா மாஸ்டர், நித்யா மேனன் பொண்டாட்டி, படம் பூரா சண்டை. சண்டைனா சாதாரண சண்டை இல்ல, ரெண்டு வீட்டு சனமும் ஒரே நேரத்துல கத்துது, டயலாக் பாதி புரியல, புரிஞ்ச பாதில முக்காவாசி மாமியா நாத்தனா பஞ்சாயத்து. அத்தைய கூட்டிட்டு போகாதது நல்லதா போச்சு. நித்யா மேனன் பரோட்டா திங்கற அழகுக்காக ஒரு தடவ பாக்கலாம்.

வெளில வந்ததும் பார்க்கிங் டோக்கன் யார்கிட்ட இருந்துச்சுன்னு எங்களுக்குள்ள ஆரம்பிச்சு, வண்டி ஸ்டாண்டுல இருந்த அண்ணன் "படம் முடிஞ்சுருச்சுங்க, வீட்டுக்கு போங்க"ன்னு சொல்ற வரைக்கும் போச்சு. டோக்கன் அவர் சட்ட பைலதான் இருந்துச்சு.

3 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழிச்சு
இத அவரும் படிக்கறார் போல. என் ஹேண்ட்பேக்லதான் இருந்துச்சாம்.